ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் பதினேழு வருஷக் காத்திருப்பும்

சர்க்கார் புதிய விதியொன்றை ஏற்படுத்தியது என்ற செய்தி எட்டினவுடன் வியாபாரக் குடும்பங்களில் முதலில் எழுவது பெருமூச்சுத்தான். இனித் தொழில் நடவாது, பிள்ளைகளை உத்தியோகத்துக்கு அனுப்பிவிடுவதே உத்தமம் என்று பேசுவோர் நம் சங்கத்திலும் பலர் உண்டு. அப்பேச்சு முழுதும் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. விதி மாறியதால் குடி கெட்டவர்களும் உண்டு. ஆயினும், மாறாத விதியொன்றால் தம் எண்ணம் தடைப்பட்டு நின்றபோது அவ்வெண்ணத்தைக் கைவிடாமல் பதினேழு வருஷம் காத்திருந்து, விதி தளர்ந்தவுடன் புறப்பட்ட வணிகர் ஒருவரும் நம் தேசத்தில் இருந்தார். அவரே ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா. அவர் பெயரை அறியாதார் இலர். பெயரை அறிந்தோருள் சரித்திரத்தை அறிந்தோர் சிலரே யாதலின், அதனை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தோம்.

குஜராத்தில், அந்நாளில் பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நவஸாரி என்னும் ஊரில், 1839-ம் வருஷம் மார்ச்சு மாதம் 3-ந் தேதி இவர் பிறந்தார். குடும்பம் பார்ஸிப் புரோகிதர் குடும்பம். தந்தையார் நஸர்வான்ஜி தலைமுறை தலைமுறையாக வந்த புரோகிதத்தை விடுத்துப் பம்பாய்க்குச் சென்று வியாபாரத்தில் இறங்கியவர். அக்குடும்பத்தில் அவ்வாறு செய்தவர் அவரே முதல்வர். தாயார் பெயர் ஜீவன்பாய். மகன் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் வாசித்து 1858-ல் படிப்பை முடித்தார். மறுவருஷமே தந்தையின் வியாபாரத்துக்கு ஒரு கிளை ஏற்படுத்தும் பொருட்டு ஹாங்காங் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார்.

இங்கிருந்து பருத்தியும் அபினியும் சென்றன. அங்கிருந்து தேயிலையும் பட்டும் வந்தன. அபினி வியாபாரம் அக்காலத்தில் சட்டம் அனுமதித்த வியாபாரம். பம்பாயின் பெரிய வீடுகள் பல அதனால் உயர்ந்தவை. எனினும் பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இச்செய்தியை மறைத்துவிட்டு எழுதுவது முறையன்று என்பது நம் கருத்து.

1861-ம் வருஷத்தில் அமெரிக்காவிலே வடநாட்டாருக்கும் தென்னாட்டாருக்கும் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென்னாட்டுத் துறைமுகங்களைக் கப்பற்படை வளைத்துக்கொண்டதால் அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்லாமற் போயிற்று. லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு ஏறிற்று. பம்பாயில் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. நாளுக்கொரு பாங்கியும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனியும் தோன்றின. பிரேம்சந்த் ராய்சந்த் என்பவர் சிபாரிசு செய்தாற் போதும், பங்குகள் விலை ஏறின. டாட்டா குடும்பமும் இவ்வெள்ளத்திற் கலந்துகொண்டது. லண்டனில் இந்தியர் பாங்கி ஒன்றை ஸ்தாபிக்க வேண்டுமென்று ஜாம்ஷெட்ஜியை அங்கே அனுப்பினர்.

1865-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் யுத்தம் முடிவுக்கு வந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் வீடு வீடாக இன்ஸால்வென்ஸி. ஜாம்ஷெட்ஜி லண்டனுக்குக் கொண்டுசென்றிருந்த உண்டியல்களும் பங்குப் பத்திரங்களும் வெறுங் காகிதங்களாயின. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அந்நிய தேசம், கையில் பணம் இல்லை, கடன்காரர் பலர். அவர் ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களைத் தாமே நேரிற் கண்டு கணக்குகளை விரித்துக் காட்டினார். அவர்கள் அவரிடம் வைத்த நம்பிக்கையை என்னென்பது! அவருடைய கம்பெனியின் கணக்கைத் தீர்க்கும் வேலைக்கு அவரையே மாதச் சம்பளத்தில் அமர்த்தினர். பம்பாயிலே தந்தையார் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

யுத்தத்தால் வந்த விலை யுத்தத்தோடு போகும் என்பது இன்று நமக்கு எளிதாகத் தெரிகிறது. அன்று பம்பாய் நகரத்தில் அதைக் கண்டவர் மிகச் சிலரே. பின்னாளில் ஜாம்ஷெட்ஜி செய்த காரியங்களை வரிசையாக நோக்கும்போது, எந்த மாறுதல் வந்தாலும் அது எதனால் வந்தது, அந்தக் காரணம் எத்தனை காலம் நிற்கும் என்பதையே அவர் முதலில் ஆராய்ந்தார் என்று தோன்றுகிறது. லண்டனிற் கழிந்த அந்த மாதங்களிலேதான் இப்பழக்கம் அவருக்கு ஏற்பட்டிருக்கவேண்டும்.

குடும்பம் மீண்டது ஒரு ராணுவக் குத்தகையால். அபிஸீனியா தேசத்துக்கு ஜெனரல் நேப்பியர் தலைமையிற் சென்ற ஆங்கிலப் படைக்கு உணவுப்பொருள் சேகரித்துக் கொடுக்கும் குத்தகையில் தந்தையார் பாகஸ்தராகச் சேர்ந்து நல்ல லாபம் அடைந்தார். 1868-ல் ஜாம்ஷெட்ஜி 21,000 ரூபாய் மூலதனத்துடன் சொந்த வியாபாரத்தைத் தொடங்கினார். மறுவருஷம், பம்பாய் சிஞ்ச்போக்லியில் நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றைக் கூட்டாளிகளோடு வாங்கி, நூல் ஆலையாக மாற்றி, அலெக்ஸாண்ட்ரா மில் என்று பெயரிட்டு, இரண்டே வருஷங்களில் லாபத்துக்கு விற்றார். விற்ற கையோடு இங்கிலாந்துக்குச் சென்று லங்காஷயர் ஆலைத்தொழிலை நேரில் ஆராய்ந்தார்.

அவர் அங்கிருந்து திரும்பிய காலத்தில் ஆலை என்றால் பம்பாய்தான் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். அவரோ நாகபுரியைத் தேர்ந்துகொண்டார். அங்கே சுற்றிலும் பருத்தி விளைந்தது. 1860-களில் பம்பாயிலிருந்து ரயில் பாதை அவ்வூரை எட்டிவிட்டது. அருகிலே வரோரா என்ற இடத்தில் நிலக்கரி கிடைத்தது. பருத்தியை நூற்றுக்கணக்கான மைல் ரயிலேற்றிப் பம்பாய்க்குக் கொண்டுசென்று, நூலாக்கி, மறுபடியும் அந்த ஜனங்களுக்கே விற்பதற்குப் பதிலாக, விளைகிற இடத்திலேயே நூற்றால் இரட்டைக் கூலி மிச்சம். ரயில் வந்தபோது அதைச் சரக்கை வெளியே ஏற்றுவதற்கான வழியாகவே மற்றவர் கண்டனர். ஆலையை உள்ளே கொண்டுவருவதற்கான வழியாக இவர் கண்டார்.

1874-ல் 15 லட்ச ரூபாய் மூலதனத்தில் கம்பெனி ஏற்பட்டது. வாங்கிய இடம் ரயில் நிலையத்துக்கு அண்மையிலிருந்த சதுப்பு நிலம். உள்ளூர் மார்வாரி லேவாதேவிக்காரர் ஒருவர், பள்ளத்தைத் தூர்க்கப் பொன்னைக் கொட்டும் மனிதருக்குத் தாம் பணம் தருவதில்லை என்று மறுத்துவிட்டாராம். அவரே பின்னாளில், அம்மனிதர் மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகவும் சொல்வர். 1877-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி, விக்டோரியா ராணி இந்தியச் சக்கரவர்த்தினி எனப் பிரகடனம் செய்யப்பட்ட அதே நாளில், ஆலை ஓடத் தொடங்கிற்று. பெயர் எம்பிரஸ் மில்.

தொடக்கத்தில் ஆலை சரிவர நடக்கவில்லை. சிக்கனத்தை எண்ணி வாங்கிய மட்டமான யந்திரங்கள் தொல்லை கொடுத்தன. ஜாம்ஷெட்ஜி அவற்றை மாற்றினார். மானேஜராக அவர் நியமித்த பெஸான்ஜி மேத்தா என்பவர் நூற்புத்தொழில் அறியாதவர். ரயில்வேயில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ரயிலை நம்பி நடக்கும் ஆலைக்கு ரயில் அறிந்தவரே வேண்டும் என்று எண்ணினார் போலும்! ரிங் கதிர் என்னும் புதுவகைக் கதிர் வந்தபோது லங்காஷயரிலேயே அதை நம்பாதவர் பலர். நாகபுரி ஆலையில் அதைப் பரீட்சித்து நிலைநிறுத்தினார்கள். தொழிலாளருக்கு 1886-ல் பென்ஷன் நிதியும், 1895 முதல் விபத்துக்கு நஷ்டஈடும் ஏற்பட்டன. இவற்றைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அந்நாளில் ஒன்றும் இல்லை.

அடுத்த காரியம் இதைவிடக் கடினமானது. இந்திய ஆலைகள் அக்காலத்தில் முரட்டு நூலை நூற்றுச் சீனத்துக்கு அனுப்பிவந்தன. அந்தச் சந்தையில் ஜப்பானியர் போட்டிக்கு வருவார்கள் என்பதும், நம் தேசத்துக்குள் இறக்குமதியாகும் மெல்லிய துணியை இங்கேயே நெய்தால் விற்கும் என்பதும் அவர் கணிப்பு. 1886-ல் பம்பாயை அடுத்த குர்லாவில் தரம்ஸி மில் ஏலத்துக்கு வந்தது. 55 லட்ச ரூபாய்க்குக் கட்டிய ஆலையைப் பன்னிரண்டரை லட்சத்துக்கு வாங்கினார். அகப்பட்டது லாபம் என்று பலர் பாராட்டினர். ஆனால் யந்திரங்கள் பழுதுபட்டவை; அடுத்த வருஷங்களில் நஷ்டத்தின்மேல் நஷ்டம். எம்பிரஸ் மில் பங்குகளிற் சிலவற்றை விற்றும், குடும்பத்துக்கென ஒதுக்கியதை எடுத்தும் ஆலையைக் காப்பாற்றினார். அதுவே ஸ்வதேசி மில் என்று பெயர் பெற்றது.

அவ்வாலை நிமிரும் வேளையிற்றான் சர்க்கார் விதி குறுக்கிட்டது. 1894-ம் வருஷ முடிவில், இறக்குமதிப் பருத்திச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வரி போட்டார்கள். லங்காஷயர் முதலாளிகள் முறையிடாதிருக்கும் பொருட்டு, 20-ம் நம்பருக்கு மேற்பட்ட இந்திய ஆலை நூலுக்கும் அதே வரியை விதித்தார்கள். முரட்டு நூல் நூற்பவனுக்கு வரி இல்லை. மெல்லிய நூலுக்கு முன்னேறியவனுக்கு வரி. 1896-ல் அதை மாற்றி, நூலை விட்டுவிட்டு, இறக்குமதித் துணிக்கும் இந்திய ஆலைத் துணிக்கும் ஒன்றுபோல மூன்றரை வீதம் ஆக்கினார்கள். ஜாம்ஷெட்ஜி இதைக் கண்டித்துக் கணக்குகளோடு எழுதினார். பயனில்லை, அவ்வரி 1925 டிசம்பரில் நிறுத்தப்பட்டு மறுவருஷந்தான் ஒழிந்தது. ஆனால் அவர் முரட்டு நூலுக்குத் திரும்பிவிடவில்லை. மெல்லிய நூலுக்கேற்ற எகிப்து தேசத்துப் பருத்தியை நம் நாட்டிலேயே பயிரிட வேண்டுமென்று 1896-ல் ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டார். அம்முயற்சி அவர் எண்ணிய அளவு பலிக்கவில்லை.

ஜப்பானியரைப்பற்றிய கணிப்போ முழுதும் பலித்தது. 1894-ல் ஜப்பான் சர்க்கார் நூல் ஏற்றுமதி வரியை எடுத்தனர். 1896-ல் பஞ்சு இறக்குமதி வரியையும் எடுத்தனர். நூல் விற்பதில் போட்டிக்காரனாகிவிட்ட ஜப்பான், பஞ்சு வாங்குவதில் நமக்குப் பெரிய வாடிக்கைக்காரனாகும் என்பதை ஜாம்ஷெட்ஜி முன்னரே உணர்ந்திருந்தார். ஆகவே 1893-லேயே ஜப்பான் சென்று நிப்பான் யூஸென் கைஷா என்னும் கப்பற் கம்பெனியோடு ஏற்பாடு செய்துகொண்டார். பி. அண்டு ஓ. முதலிய கம்பெனிகள் டன்னுக்கு 17 ரூபாய் கூலி வாங்கிய இடத்தில் தாம் 12 ரூபாய்க்கு ஏற்றினார். அவர்கள் ஒன்றரை ரூபாய்க்கு இறக்கிவிட்டனர்! வாடகைக் கப்பல்களை வைத்துக்கொண்டு அப்போட்டியில் நிற்க முடியுமா? டாட்டா லைன் மறைந்தது. ஜப்பானியக் கப்பல்களின் போக்குவரவு நிலைத்தது. பத்துப்பன்னிரண்டு வருஷங்களுக்குப்பின் நம் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசிக் கப்பல் விட்டபோதும் வெள்ளைக் கம்பெனி கையாண்டது இதே கூலிக்குறைப்பு உபாயந்தான்.

இனி இரும்புக்கு வருவோம். 1882-ல் ரிட்டர் பான் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானிய நிபுணர், மத்திய மாகாணத்துச் சந்தா ஜில்லாவின் இரும்பைப்பற்றி எழுதிய அறிக்கை ஜாம்ஷெட்ஜியின் கைக்கு எட்டிற்று. லோஹாரா என்னுமிடத்தில் மலைபோல் இரும்புக்கல் உண்டு. வரோரா நிலக்கரியும் தொலைவிலன்று. எம்பிரஸ் மில்லை வைத்துக்கொண்டு அருகில் வசிப்பவருக்கு இது வெறும் செய்தியா? ஆனால் இரு தடைகள் நின்றன. வரோராக் கரி பரீட்சையில் உருக்குலைக்குத் தகுதியற்றதாகத் தெரிந்தது. அதனினும் பெரிய தடை, கனி தேடுவதற்கும் எடுப்பதற்கும் சர்க்கார் வைத்திருந்த நிபந்தனைகள். பெரும்பணம் போடத் துணிகிற எவனும் அவற்றை ஏற்கமுடியாதபடி அவை அமைந்திருந்தன.

தனி மனிதர் முயற்சி இதில் எப்படி முடியும் என்பதற்கு உதாரணத்தைத் தேடி நாம் தூரம் செல்லவேண்டியதில்லை. நம் பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஹீத் என்னும் துரை சேலத்து இரும்புக்கல்லைக்கொண்டு உருக்குலை ஏற்படுத்தினார். விறகுக்கரியை நம்பி நடந்த அத்தொழில் நிலைக்காமற் போயிற்று.

ஜாம்ஷெட்ஜி எண்ணத்தை விடவில்லை. ஆனால் அவசரப்பட்டு இறங்கவுமில்லை. கனிகளைப்பற்றி வந்த அறிக்கைகளையும் பத்திரிகைச் செய்திகளையும் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்தார். சிறந்த வணிகர்கள் பொருளைச் சேர்த்து வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். செய்தியைச் சேர்த்து வைப்போர் அருமை. 1899-ல் மேஜர் மாஹன் என்பவர் இந்தியாவில் இரும்பும் உருக்கும் செய்யும் காலம் வந்துவிட்டதென்று சர்க்காருக்கு அறிக்கை அளித்தார். ஜாரியா முதலிய இடங்களில் தகுந்த நிலக்கரியும் அதற்குள் கிடைத்திருந்தது. அவ்வருஷமே கர்ஸன் பிரபுவின் துரைத்தனம் கனி விதிகளைத் தளர்த்திற்று. பதினேழு வருஷம் பூட்டியிருந்த கதவு அது.

ஜாம்ஷெட்ஜிக்கு அப்போது வயது அறுபது. ஆலைகளும் பொருளும் புகழும் நிறைந்திருந்தன, உடல்நலம் குன்றியிருந்தது. அந்த வயதில் நம்மவர் கணக்குப்புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஸ்தல யாத்திரை புறப்படுவது வழக்கம். இவரோ இங்கிலாந்துக்குச் சென்று இந்தியா மந்திரி லார்ட் ஜார்ஜ் ஹாமில்டனைக் கண்டு, சர்க்காரின் ஒத்தாசையை உறுதிசெய்துகொண்டார். 1902-ல் அமெரிக்காவுக்குச் சென்று பிட்ஸ்பர்க் முதலிய இரும்பு நகரங்களைப் பார்த்தார். நியூயார்க்கில் சார்லஸ் பெரின் என்னும் நிபுணருடைய ஆபீஸுக்கு அவரே நேரில் நடந்துபோய், இந்தியாவுக்கு வந்து ஆலோசனை கூறும்படி கேட்டார். முன்பின் அறியாத அம்முதியவரைக் கண்ட மாத்திரத்தில் பெரின் சம்மதித்தார். முதலில் வெல்ட் என்ற பூகர்ப்ப நிபுணர் அனுப்பப்பட்டார். அமையப்போகும் தொழில் நகரத்தில் அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் விளையாட்டிடங்களும் இருக்கவேண்டுமென்று அவ்வருஷத்திலேயே மகன் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார். இரும்புக்கல் எங்கே கிடைக்கும் என்பதே அப்போது நிச்சயமாகவில்லை!

தேடல் ஏமாற்றத்தில் முடிந்தது. சந்தாவில் இரும்பு இருந்தது. பெருந்தொழிலுக்குப் போதியவாறு இல்லை. கைவிடுவதாகத் தெரிவிக்கத் தோராப்ஜி நாகபுரிச் சர்க்கார் ஆபீஸுக்குச் சென்றார். பார்க்கவேண்டிய அதிகாரி அங்கில்லை. காத்திருந்த நேரத்தில் எதிரிலுள்ள காட்சிசாலையில் நுழைந்தவர், துருக் ஜில்லாவில் இரும்பு இருப்பதாக வர்ணமிட்டுக் காட்டிய பூகர்ப்பப் படத்தைக் கண்டார். அங்கே தல்லி ராஜ்ஹரா மலைகளில் உயர்ந்த ரகக் கல் இருந்தது. நிலக்கரி தூரமென்பதால் அப்போது பயன்படவில்லை. அம்மலைகளே அரை நூற்றாண்டுக்குப்பின் பிலாய் உருக்காலைக்கு உணவாயின. அப்படத்துக்கு ஆதாரமான ஆராய்ச்சியைச் செய்தவர் பிரமதநாத போஸ். அவர் சர்க்கார் வேலையினின்று விலகி மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் அமர்ந்திருந்தார். அங்குள்ள கோருமஹிஸானி மலையில் சிறந்த இரும்புக்கல் உண்டென்று அவர் டாட்டாவுக்கு எழுதிய கடிதத்தின் தேதி 1904 பிப்ரவரி 24.

அம்மலையை ஜாம்ஷெட்ஜி காணவில்லை. சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றிருந்தவர், 1904-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி ஜெர்மனியில் நௌஹைம் என்னும் ஊரில் காலமானார்.

மகன் தோராப்ஜி வேலையை விடவில்லை. லண்டனில் பணம் திரட்ட முயன்று பயனின்றித் திரும்பி, சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பரவியிருந்த சமயத்தில் பம்பாய் ஜனங்களையே நம்பினார். 1907 ஆகஸ்டு 26-ந் தேதி கம்பெனி பதிவாயிற்று. 2 கோடியே 30 லட்ச ரூபாய்ச் சுமாரான மூலதனத்தை மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர் கொடுத்தனர். இதற்கு ஊக்கமளித்தது இன்னொரு சர்க்கார் வாக்குறுதி: தரம் சரியாயிருந்தால் வருஷத்துக்கு 20,000 டன் தண்டவாளம் பத்து வருஷம் வரை வாங்குவதாக ஏற்றிருந்தார்கள். 1912 பிப்ரவரியில் ஸாக்சி கிராமத்தில் முதல் உருக்குப் பாளம் வெளிவந்தது. 1914-ல் மூண்ட மகாயுத்தத்தின்போது அத்தண்டவாளங்கள் மெஸொபொட்டேமியா வரை சென்றன. 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு ஸாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். அதற்குரிய காலிமாட்டி என்ற ரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. இன்றும் ரயில் அட்டவணையில் அப்பெயரே வழங்குகிறது.